பெர்பர்கள் கப்சியர்களின் வாரிசுகளா?

கேள்வி இதுதான்: வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்? துனிசியாவில் தடயம் விட்டுப்போன கப்சியப் பண்பாட்டின் நேரடி வாரிசுகள் அவர்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறதே, அது சரியா?

பாதி சரி. கப்சியர் காலத்து மக்களின் மரபு இன்றைய பெர்பர்களிடம் தொடர்கிறது. ஆனால் கப்சியர்தான் முதல் பெர்பர் என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் கணக்கு உதைக்கும். உள்ளூர் வேர் கப்சியர்களைவிடப் பல்லாயிரம் ஆண்டு பழையது. இன்று பேசப்படும் பெர்பர் மொழிகளின் பொது மூதாதை மொழியோ கப்சியர்களுக்குப் பல ஆயிரம் ஆண்டு பிந்தியது. கற்கருவிக்கு ஒரு வயது, ரத்த உறவுக்கு ஒரு வயது, மொழிக்கு ஒரு வயது. இந்த மூன்றையும் ஒரே ஆளின் வயதாக எண்ணியதால்தான் நூறு வருடமாக இத்தனை குழப்பம்.

முதலில் கப்சியர்களைப் பார்ப்போம்.

துனிசியாவின் தென்மேற்கில் காஃப்சா என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர்கள் அதைக் காப்சா என்றார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் தெ மோர்கன் 1910 வாக்கில் அந்த வட்டாரத்தில் கிடைத்த கற்கருவிகளைத் தனி வகையாகப் பிரித்து, ஊரின் பழைய பெயரையே அந்தப் பண்பாட்டுக்கும் வைத்தார். இன்றைக்குச் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மூவாயிரம், நாலாயிரம் ஆண்டுகள் அது நீடித்தது. தென் துனிசியா, நடுத் துனிசியா, அதை ஒட்டிய கிழக்கு அல்ஜீரியாவின் தெபெஸ்ஸா, கான்ஸ்டன்டைன் மேட்டுநிலங்கள், இவைதான் அதன் தாயகம். இவர்கள் கடலோர மக்கள் அல்லர், உள்நாட்டுக்காரர்கள். அன்றைக்கு அந்த நிலம் இன்று இருப்பதுபோல் வறண்டதும் அல்ல. புல்வெளியும் மரங்களும் கலந்து கிடந்தன.

அவர்கள் விட்டுப்போன முக்கியத் தடயம் சாம்பல் மேடுகள். உள்ளூர் அரபியில் ரம்மாதியா என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண மண்திட்டு. வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிற மண்ணுக்குள் லட்சக்கணக்கில் நத்தை ஓடுகள். அவற்றோடு தீயில் வெடித்த கற்கள், சக்கிமுக்கிக்கல் சில்லுகள், மிருக எலும்புகள், அங்கங்கே மனிதப் புதைப்புகள். நத்தை ஓடுகள் பெரும்பாலும் உடையாமல் முழுசாகவே இருக்கின்றன. அப்படியானால் ஓட்டை உடைத்துத் தின்னவில்லை, வேகவைத்து உள்ளிருப்பதை மட்டும் உருவி எடுத்திருக்கிறார்கள். வெடித்த கற்கள் ஏராளமாகக் கிடப்பதற்கும் இந்தச் சமையலே காரணமாக இருக்கலாம்.

இதனால் கப்சியர்களுக்கு 'நத்தை தின்னிகள்' என்று பெயர் விழுந்துவிட்டது. அது நியாயமில்லாத பெயர். தெபெஸ்ஸா வட்டாரத்தில் அயின் மிஸ்தேஹியா, கெஃப் ஸூரா ஆகிய இடங்களை 1970களில் டேவிட் லூபெல் குழுவினர் பொறுமையாக அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். அங்கே ஹார்டிபீஸ்ட் என்னும் பெரிய மான் வகையின் எலும்புகள் நிறையக் கிடைத்தன. காட்டு மாடு, மலை ஆடு, முயல் எல்லாமே அவர்கள் உணவில் உண்டு. நத்தை ஓடு மக்காமல் அப்படியே குவிந்து கிடக்கிறது, அதனால் கண்ணை நிறைக்கிறது. ஒரு பெரிய மான் தரும் இறைச்சிக்கு ஈடாக எத்தனை ஆயிரம் நத்தைகள் வேண்டும் என்று யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும். கிழங்கு, விதை, பழம் என்று தின்ற தாவர உணவோ தடயமே இல்லாமல் போய்விடுகிறது.

இன்னொரு பொருளும் இந்த மேடுகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும்: நெருப்புக்கோழி முட்டை ஓடு. ஒரு முட்டைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். உச்சியில் துளை போட்டு அதைக் குடுவையாக்கினார்கள். வாய்ப் பக்கத்தைச் சுற்றிக் கோடுகளும் கட்டங்களும் கீறி அழகுபடுத்தினார்கள். உடைந்ததையும் வீணாக்கவில்லை, சிறு வட்டங்களாக நறுக்கித் துளையிட்டு மணி கோத்தார்கள். காஃப்சாவுக்குப் பக்கத்தில் உள்ள எல் மெக்தாவில் மென்மையான சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய சிறு உருவங்களும் கிடைத்திருக்கின்றன.

அல்ஜீரியாவின் ஃபைத் சுவார் என்ற இடத்தில் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் மண்டையோட்டை இங்கே சொல்லியாக வேண்டும். இறந்தபின் அதை வெட்டி, தேய்த்து, துளையிட்டு ஏதோ ஒரு வழக்கத்துக்காக வைத்திருந்திருக்கிறார்கள். மேல்தாடையில் ஒரு பல் இருந்த குழிக்குள், பல் வடிவத்தில் மெருகேற்றிய ஓர் எலும்புத் துண்டு செருகப்பட்டிருக்கிறது. ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பொய்ப்பல் அது. உயிரோடு இருந்தபோது வைத்தார்களா, இறந்தபின் முகத்தை முழுமையாக்க வைத்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். எப்படியிருந்தாலும், அந்த முகத்தை யாரோ அக்கறையோடு பார்த்திருக்கிறார்கள்.

பல்லைப் பற்றியே இன்னொன்று. கப்சியர்கள் வயதுக்கு வரும் பருவத்தில் முன்வெட்டுப் பற்களைப் பிடுங்கிவிடும் வழக்கம் உடையவர்கள். பெண்களிடம் இது அதிகம். மேல் பற்கள், கீழ்ப் பற்கள் இரண்டிலும் காணப்படுகிறது. இது அவர்கள் கண்டுபிடித்த வழக்கமல்ல. அவர்களுக்கு முன் அதே நிலப்பரப்பில் வாழ்ந்தவர்களிடம் ஆண், பெண் வேறுபாடின்றி ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களுக்கும் மேல் வெட்டுப்பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன. வழக்கம் மாறியிருக்கிறது, அறுந்துபோகவில்லை. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிய சாட்சியாக வரப்போகிறது.

அந்த முன்னோர்கள் ஐபெரோமௌரூசியர். பெயர் குழப்பமானதுதான், ஸ்பெயின் பக்கமும் இவர்கள் இருந்தார்கள் என்று தவறாக எண்ணி 1909இல் பால் பல்லரி வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மொராக்கோ முதல் துனிசியா வரை கரையோரத்திலும் மலைகளிலும் வாழ்ந்தவர்கள். கிழக்கு மொராக்கோவின் தஃபோரால்ட் குகை அவர்களுடைய பெரிய இடுகாடு. ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைப்புகள் அங்கே இருக்கின்றன. அந்தப் பெரியவர்களின் பற்களை ஆராய்ந்தபோது பாதிக்கும் மேல் சொத்தை விழுந்திருந்தது. விவசாயம் தெரியாத வேட்டைச் சமூகத்தில் அவ்வளவு சொத்தைப்பல் வருவது அபூர்வம். காரணம், மாவுச்சத்து நிறைந்த ஓக் மரக் கொட்டைகளையும் பைன் விதைகளையும் அவர்கள் சேமித்து வைத்துத் தின்றதுதான்.

சரி, இந்த ஐபெரோமௌரூசியருக்கும் கப்சியருக்கும் என்ன உறவு? பழைய பாடநூல்களில் இதற்கு ஒரு தயார் விடை உண்டு. ஐபெரோமௌரூசியர் தடித்த எலும்பும் அகன்ற முகமும் கொண்ட 'மெஷ்தா' வகை; கப்சியர் மெல்லிய உடலமைப்புள்ள 'ஆதி மத்தியதரை' வகை. ஆகவே கப்சியர் கிழக்கிலிருந்து புதிதாக வந்தவர்கள், அவர்களே பெர்பர்களின் முன்னோர். பெர்பர் ஆய்வில் பெரும் புலமை பெற்ற கப்ரியேல் காம்ப்ஸ் இந்தக் கருத்தை வலுவாக முன்வைத்தார், அதனால் அது எங்கும் பரவியது. காம்ப்ஸின் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மண்டையோட்டின் நீள அகலத்தை வைத்து இனம் பிரிக்கும் அந்த முறை இன்று நிற்காது. உணவு மாறினாலே சில நூறு தலைமுறைகளில் தாடையும் முகமும் மெலிந்துவிடும். லூபெலும் அவருடைய கூட்டாளிகளும் 1980களிலேயே இது ஒரே மக்களின் தொடர்ச்சி என்று வாதாடினார்கள்.

இடையில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஏனென்றால் 'வெளியிலிருந்து வந்தவர்கள்' என்ற கதைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. ஹெர்குலிஸின் படையிலிருந்த மீடியரும் பாரசீகரும் ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து வந்து உள்ளூர் மக்களோடு கலந்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் எழுதினார். பைபிளில் வரும் இஸ்ரவேலர் தலைவன் யோசுவாவுக்குப் பயந்து கானான் நாட்டிலிருந்து ஓடிவந்தவர்கள் என்றார் 6ஆம் நூற்றாண்டின் புரொகோப்பியஸ். யேமன் நாட்டு வம்சாவளி என்று இடைக்கால அரபுக் கதைகள் சொல்லின. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் அந்த யேமன் கதைகளை நம்பத் தகாதவை என்று ஒதுக்கினார். ஆனாலும் அவரும் கடைசியில் நோவாவின் பேரன் கானானிடம்தான் போய் நின்றார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அல்ஜீரியாவின் கல்திட்டைகளைப் பார்த்து, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கட்டியவை என்று சிலர் எழுதினார்கள். பெர்பர்களும் ஒரு காலத்தில் வந்தேறிகள்தான் என்றாகிவிட்டால், நேற்று வந்து நிலத்தைப் பிடித்தவர்களுக்கு அது வசதி. ஒரு மக்களின் சொந்த மண் உரிமையை வரலாற்றின் பெயரால் கரைப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

இந்த விவாதத்தின் போக்கையே மாற்றியவை பழைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுக்கள்.

2018இல் தஃபோரால்ட் எலும்புகளிலிருந்து கிடைத்த மரபணு வெளியானது. அந்த மக்களின் மரபில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பாலஸ்தீனப் பக்கம் வாழ்ந்த நத்தூஃபியர் என்ற பழங்கால மக்களோடு ஒத்துப்போனது. மீதிப் பங்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய மிகப் பழைய கிளை. ஐரோப்பியக் கலப்பு தென்படவில்லை. தாய்வழி மரபில் யு6, எம்1 என்ற கிளைகள் இருந்தன. யு6 இன்றும் பெர்பர்களிடம் இருக்கிறது. 15,000 ஆண்டுப் பழைய குகைக்கும் இன்றைய மலைக்கிராமத்துக்கும் நடுவே அறுபடாத ஒரு தாய்வழி இழை அது.

அதே ஆண்டில் மொராக்கோவின் இஃப்ரி ந்அம்ர் ஓ மூஸா குகையின் மரபணுவும் வந்தது. அது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தையது. மட்பாண்டம் வந்துவிட்ட காலம். ஆட்கள் மட்டும் அச்சு அசலாகத் தஃபோரால்ட் மரபு! எட்டாயிரம் ஆண்டுகள் அங்கே ஏறத்தாழ அதே மக்கள்தான் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய கெலிஃப் எல் போரூத் என்ற இடத்துக்கு வந்தால், மரபில் பாதி ஐரோப்பிய விவசாயிகளுடையது. நடுவில் என்ன நடந்தது என்பதை 2023இல் வந்த ஆய்வு தெளிவாக்கியது. சுமார் 7,400 ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் பக்கத்திலிருந்து விவசாயிகள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து வந்து குடியேறினார்கள். அடுத்த ஆயிரம் ஆண்டுகளில் கிழக்கு மத்தியதரைக் கரையிலிருந்து ஆடுமாடு மேய்ப்பவர்கள் வந்து சேர்ந்தார்கள். உள்ளூர் வேட்டைக்காரர்களையும் சேர்த்து மூன்று ஆறுகள் மொராக்கோவில் கலந்தன.

இதெல்லாம் மேற்கு ஓரத்துக் கதை. கப்சியர்களின் சொந்த நாடான துனிசியாவும் கிழக்கு அல்ஜீரியாவும் என்ன சொல்கின்றன? அதற்கான விடை 2025இல்தான் வந்தது. அல்ஜீரியாவின் அஃபாலூ, துனிசியாவின் ஜெப்பா, துக்கானத் எல் குதிஃபா போன்ற இடங்களிலிருந்து ஒன்பது பேரின் மரபணுவைப் படித்தார்கள். பழையவர்கள் தஃபோரால்ட் மக்களோடு ஒரே கொத்தாக வந்து விழுந்தார்கள். அதாவது கப்சியர் காலத்திலும் இங்கே இருந்தவர்கள் கிழக்கிலிருந்து படையெடுத்து வந்த புது இனம் அல்லர். மக்ரெப் எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்காவின் பழைய மக்களேதான், கருவியும் வாழ்க்கைமுறையும் மாறியவர்கள். பற்களைப் பிடுங்கும் வழக்கம் ஏன் தொடர்ந்தது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஜெப்பாவைச் சேர்ந்த ஒருவரைப் பற்றியது. 8,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவரிடம் ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் மரபு கொஞ்சம் இருந்தது. விவசாயம் வருவதற்கு முன்பே சிசிலிக்கும் துனிசியாவுக்கும் இடையே கடலைக் கடந்து யாரோ வந்திருக்கிறார்கள். பாய்மரம் தெரியாத காலத்துப் படகுகள்! பின்னால் ஐரோப்பிய விவசாயிகளும் மேற்காசிய மேய்ப்பர்களும் இங்கேயும் வந்தார்கள், ஆனால் உள்ளூர் மரபே பெரும்பங்காக நின்றது. மத்தியதரைக் கடலைச் சுற்றி வேறு பல இடங்களில் வேட்டைச் சமூகங்களின் மரபு விவசாயிகள் வந்ததும் சிறுத்துப்போனது. கப்சியர் நாட்டில் அப்படி நடக்கவில்லை. ஆட்டையும் மட்பாண்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள், ஆட்கள் அவர்களாகவே இருந்தார்கள். தொல்லியலாளர்கள் இதைக் 'கப்சிய மரபுப் புதிய கற்காலம்' என்று முன்பே குறித்திருந்தார்கள். அல்ஜீரியாவின் ஔரெஸ் மலையில் கப்பெலெட்டி குகையில் வாழ்ந்த மேய்ப்பர்கள் அதற்கு நல்ல உதாரணம். ஔரெஸ் இன்றும் ஷாவி பெர்பர்களின் மலை.

கப்சியர்களுக்குள்ளேயே நடந்த ஒரு மாற்றத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் உலகின் பல பகுதிகளில் திடீர்க் குளிரும் வறட்சியும் வந்தன. தெபெஸ்ஸா மேடுகளில் அதே சமயத்தில் கருவிகள் மாறுகின்றன. பெரிய கத்திக் கற்கள் குறைந்து, அழுத்தி உரித்தெடுத்த மெல்லிய சிறு சில்லுகளும் முக்கோணம், சரிவகம் போன்ற நுண்கருவிகளும் பெருகுகின்றன. வேட்டை மிருகங்களும் சிறுத்துப்போகின்றன. கருவி மாறினால் ஆளும் மாறிவிட்டான் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தெற்கே சஹாராவையும் மறக்கக் கூடாது. லிபியாவின் தென்மேற்கில் தகர்கோரி பாறைக் குகையில் இயற்கையாகப் பதப்பட்ட இரண்டு பெண்களின் உடல்கள் கிடைத்தன, சுமார் 7,000 ஆண்டுகள் பழையவை. சஹாரா பச்சையாக இருந்த காலம் அது. 2025இல் வெளியான அவர்களுடைய மரபணு, சஹாராவுக்குத் தெற்கே உள்ள மக்களிடமிருந்து மிகத் தொன்மையிலேயே பிரிந்து வட ஆப்பிரிக்காவில் தனித்தே வளர்ந்த ஒரு கிளையைக் காட்டியது. தஃபோரால்ட் மக்களிடம் இருந்த அந்த 'ஆப்பிரிக்கப் பங்கு' இந்தக் கிளையிலிருந்தே வந்தது என்று இப்போது தெரிகிறது. ஆகவே பெர்பர்களின் வேரில் ஒரு நுனி, பல பத்தாயிரம் ஆண்டுகளாக இதே மண்ணில் இருந்தது.

அப்புறம், இணையத்தில் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு. பெர்பர் ஆண்களிடம் ஈ-எம்81 என்ற தந்தைவழிக் கிளை மிக அதிகம். சில குழுக்களில் ஐந்தில் நாலு பேரிடம் இருக்கும். இதைக் காட்டி 'இதுவே கப்சியர்களின் முத்திரை' என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் இன்று பரவியிருக்கும் அந்தக் கிளையின் பொதுத் தந்தை வாழ்ந்தது இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். தஃபோரால்ட் ஆண்களிடம் இருந்தது ஈ-எம்78, அது பங்காளிக் கிளை. அப்படியானால் பழங்கால பெர்பர்களின் நுமிடிய அரசுகள் எழுந்த காலத்தையொட்டி ஏதோ சில குடும்பங்களின் ஆண் வாரிசுகள் வேகமாகப் பெருகியிருக்க வேண்டும். மொத்த மரபு பழையது, இந்த ஒரு தந்தைவழி மட்டும் புதியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

மொழிக்கு வருவோம். பெர்பர் மொழிகள் ஆப்ரோ ஆசியக் குடும்பத்தில் ஒரு கிளை. பழைய எகிப்திய மொழி, அரபு, ஹீப்ரு, சோமாலி, ஹௌசா எல்லாம் உறவு மொழிகள். மொராக்கோவின் தஷெல்ஹித், அல்ஜீரியாவின் கபீலியம், சஹாராவின் துவாரெக், எகிப்தின் சீவா சோலை மொழி என்று பரந்து கிடந்தாலும், இவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு ஏறக்குறைய லத்தீனிலிருந்து பிரிந்த ஐரோப்பிய மொழிகளுக்குள் இருக்கும் வேறுபாட்டின் அளவுதான். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மொழிகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கவே முடியாது. இன்றைய பெர்பர் மொழிகளின் பொதுத்தாய் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டவள். கால்நடை வளர்ப்புச் சொற்கள் அவளிடமே இருந்தன. மேய்ப்பர்களோடு கிழக்கிலிருந்து இந்த மொழிக்கிளை பரவியது என்பது பலர் ஏற்கும் விளக்கம், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நத்தை வேகவைத்த கப்சியர்கள் பேசிய மொழி எழுத்தில் இல்லை. ஆகவே அவர்களைப் 'பெர்பர் மொழி பேசியவர்கள்' என்று எழுதுவது ஆதாரத்தைத் தாண்டிய பேச்சு.

எழுத்துச் சாட்சிகள் வரத் தொடங்குவது எகிப்திலிருந்து. நைல் சமவெளிக்கு மேற்கே வாழ்ந்த, பெர்பர்களின் முன்னோராகக் கருதப்படும் லிபு, மெஷ்வெஷ் என்ற கூட்டங்களோடு கி.மு. 13, 12ஆம் நூற்றாண்டுகளில் பாரோக்கள் போரிட்டார்கள். அதே மெஷ்வெஷ் வழியில் வந்த முதலாம் ஷோஷெங்க் கி.மு. 10ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அரியணையிலேயே அமர்ந்தான். துனிசியாவின் துக்காவில் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கார்தேஜ்காரர்களின் பியூனிக், உள்ளூர் பெர்பர்களின் பழைய லிபிய மொழி இரண்டிலும் கல்வெட்டு வெட்டினார்கள். அங்குள்ள நினைவுக் கோபுரத்திலிருந்து 1842இல் பெயர்த்தெடுத்த கல்வெட்டு இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துவாரெக் மக்கள் இன்றும் எழுதும் திஃபினாக் எழுத்து அந்த லிபிய எழுத்தின் வழிவந்தது.

அரபியர் வருவதற்கு முந்தைய பெர்பர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க ஓர் அருமையான ஜன்னல் கேனரித் தீவுகள். அங்கே கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் குடியேறிய குவாஞ்சே மக்கள், ஸ்பானியர்கள் 15ஆம் நூற்றாண்டில் பிடிக்கும் வரை கண்டத்திலிருந்து ஏறக்குறைய துண்டிக்கப்பட்டே வாழ்ந்தார்கள். அவர்களுடைய எலும்புகளில் உள்ளூர் மக்ரெப் மரபும் ஐரோப்பிய விவசாயி மரபும் மேற்காசிய மரபும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. பாறைகளில் லிபிய எழுத்து இருக்கிறது. அதாவது பெர்பர் என்று நாம் அறியும் கலவை, இஸ்லாம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உருவாகி முடிந்திருந்தது.

7ஆம் நூற்றாண்டிலும், பிறகு பனூ ஹிலால் கூட்டத்தோடு 11ஆம் நூற்றாண்டிலும் அரபியர் வந்தார்கள். மொழியும் மதமும் பெருமளவு மாறின, ரத்தம் அந்த அளவுக்கு மாறவில்லை. இன்று மக்ரெபில் அரபி பேசுபவர்களையும் பெர்பர் பேசுபவர்களையும் மரபணுவை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. அரபி பேசும் காஃப்சாக்காரரிடமும் அந்தச் சாம்பல் மேட்டு மக்களின் மரபு இருக்கிறது, கபீலிய மலைக்காரரிடமும் இருக்கிறது. மொராக்கோ 2011லும் அல்ஜீரியா 2016லும் தங்கள் அரசியல் சட்டங்களில் அமாசிக் எனப்படும் பெர்பர் மொழியை ஆட்சி மொழியாக ஏற்றன. துனிசியாவில் அந்த மொழி இன்று ஜெர்பா தீவிலும் தெற்கு மலைகளிலும் சில ஊர்களில் மட்டுமே ஒலிக்கிறது.